அம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை

நாய்வண்டிச் சவாரிச் சீட்டில் பெயர் என்று போட்டிருந்த கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தபடி மினிக் ஐந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தான்.

"பேரு மறந்துபோச்சா?" என்றாள் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்.

"மறக்கல. எதை எழுதறதுன்னு பாக்கறேன்."

"எத்தன வச்சிருக்கீங்க?"

மினிக் மறுபடி சீட்டைப் பார்த்தான். இந்த வடக்கத்தி ஊரான இலுலிசாட்டில் ஒருவன் தும்மினால் ஊர்க்கோடியில் கட்டிப்போட்ட நாய்க்குக்கூடத் தெரிந்துவிடும். மினிக் என்ற நூக் நகரத்து ஆசாமி வெளிநாட்டுப் பயணிகளைப் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு நாய்வண்டியில் ஏறினான் என்ற செய்தி, அவன் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் பிபியானேயின் வீட்டுக்குப் போய்விடும். போனால் கல்யாணம் போச்சு.

தப்பு அவனுடையதுதான். நூக்கில் அஞ்சலகத்தில் வேலை. வீட்டிலிருந்து வரும் கருவாட்டுப் பொட்டலங்களை வாங்க வந்துபோன பிபியானேயிடம், ஒரு பலவீனமான தருணத்தில், "நாய்வண்டியா? சின்ன வயசிலேருந்து ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டான். நூக் இருக்கும் தெற்கே வண்டி நாய்களே கிடையாது. முப்பத்தொரு வயதில் அவன் ஓட்டிய ஒரே வண்டி பொட்டலம் தள்ளும் வண்டி. பிபியானே அந்தப் பொய்யைப் பெருமையாகத் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். இன்றைக்கு மூன்று மணிக்கு இங்கே அவள் வீட்டில் பிறந்தநாள் காப்பி விருந்து. காப்பி முடிந்ததும் அவளுடைய அப்பா சாட்டையை அவன் கையில் கொடுத்து, "எங்க, ஓட்டு பாக்கலாம்" என்பார். அதற்குள் இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் தன் ஞானஸ்நானப் பெயரை எழுதினான். ஆபகூக். பள்ளியில் பிள்ளைகள் அதை அண்டங்காக்கை கத்துவது மாதிரி "கூக்... கூக்..." என்று இழுப்பார்கள். மூன்றாம் வகுப்போடு அந்தப் பெயரைத் தலைமுழுகிவிட்டான். பிபியானேயிடம்கூடச் சொன்னதில்லை. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

அவனுக்கு அமைந்த வண்டிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முகம் முழுக்கப் பனிச்சூடு பட்ட கறுப்பு. சீட்டை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து மினிக்கைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டு, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியாப்பா?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்தாங்க லேட்டு," என்றான் மினிக்.

பக்கத்து வண்டியில் ஒரு ஜெர்மன் தம்பதி ஏறினார்கள். அந்த வண்டிக்காரன் அவர்களைப் பார்த்து, "உக்காரு. ஆடாத," என்று மட்டும் சொன்னான். மினிக்குக்கோ கலைமான் தோலை இரண்டாக மடித்து விரித்தார். கடல்நாய்த் தோல் சட்டையைத் தலைவழியே மாட்டிவிட்டு, தொப்பி முடிச்சையும் வண்டிக்காரரே கட்டிவிட்டார்.

"குளிருதா?"

"இல்லீங்க."

"குளிர்ந்தாலும் நீ சொல்ல மாட்ட. கிளம்பலாமாப்பா?"

வடக்கத்திக்காரர்கள் முரடர்கள் என்று நூக்கில் சொல்கிறார்களே, வாயில் வந்ததைச் சொல்கிறார்கள் என்று மினிக் நினைத்துக்கொண்டான்.

பதினான்கு நாய்கள் விசிறி விரித்ததுபோல் பரவி ஓடின. மார்ச் மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எந்த நாய்க்கு எந்தச் சொல், சாட்டையை எந்தப் பக்கம் தரையில் தட்டினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று மினிக் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தான். ஆனால் வண்டிக்காரர் அவனைக் கவனிக்க விடவில்லை. பேசிக்கொண்டே வந்தார்.

"மனசுல ஒரு பாரம்ப்பா. உன்கிட்டதான் சொல்ல முடியும்."

"சொல்லுங்க."

"அம்மா கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம்."

மினிக் அவரைத் திரும்பிப் பார்த்தான். இவருக்கே அறுபது.

"அம்மாவா?"

"அம்மாதான். மூணு வருஷமா நூக் ஆஸ்பத்திரியில இருக்கா. அங்க ஒருத்தனோட பழக்கமாயிருக்கு. இனிமே அங்கதான் இருக்கப் போறேங்கறா."

மூன்று வருடம் ஆஸ்பத்திரியில்! மினிக்கின் கண்முன் ஒரு கட்டில் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் பல் இல்லாத ஒரு கிழவர், ஒரு கையில் மருந்துக் குப்பியும் மறு கையில் பூவுமாக.

"நீ சொல்லுப்பா. விடலாமா? நீ சரின்னா சரி. வேண்டாம்னா வேண்டாம்."

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பயணியிடம் கேட்கிறாரே என்று மினிக்குக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்த மனிதரின் கண்கள் அப்படிக் கெஞ்சின. பொறுப்போடு சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இந்த உடம்போட அவங்களுக்குக் கல்யாணமெல்லாம் எதுக்குங்க? நிம்மதியா இருக்கட்டும். அந்த ஆளு ஏதோ திட்டம் போட்டுத்தான் வர்றான்."

"அப்போ வேண்டாம்ங்கற?"

"வேண்டவே வேண்டாம்."

வண்டிக்காரர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். அது வெள்ளைப் புகையாக அவர் தாடியில் படிந்தது. "சொல்லிட்ட. முடிஞ்சுபோச்சு. மூணு மணிக்கு வருவான்ல, வாசல்லயே வச்சு அனுப்பிடறேன்." சட்டைப்பையிலிருந்து நல்ல பெரிய ஹாலிபட் கருவாட்டுத் துண்டாக எடுத்து அவனுக்குக் கொடுத்தார்.

மினிக் அதைக் கடித்தான். "மூணு மணிக்கா? இன்னிக்கேவா?"

"இன்னிக்குத்தானே அம்மாவுக்குப் பிறந்தநாள் காப்பி. இருபத்தேழு முடியுது."

கருவாடு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வண்டிக்காரர் அவன் முதுகில் தட்டியபடி சொல்லிக்கொண்டு போனார். "அம்மா கண்ண மூடின அதே மாசம் எனக்குப் பொண்ணு பொறந்தா. அம்மா பேரையேதான் வச்சோம், பிபியானேன்னு. நர்சுக்குப் படிச்சு நூக்குக்குப் போனா. போனவ போனவதான்."

இதில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த நாட்டில் செத்தவர் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்தால் பெயரோடு உறவும் வந்துவிடும். நூக்கில் மினிக்கின் சொந்தச் சித்தியே ஐந்து வயதுப் பயலை "மாமா" என்று கூப்பிட்டு, பந்தியில் முதல் துண்டு இறைச்சியை அவனுக்குத்தான் வைப்பாள். பிபியானேயும் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: "எங்க வீட்ல அப்பா என்னை அம்மாம்பாரு, அம்மா என்னை அத்தைம்பாங்க." எல்லாம் தெரியும். ஆனால் பனி மூளைக்குள் போய்விட்டால் தெரிந்ததும் தெரியாது.

தன் கல்யாணத்தைத் தானே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதுவும் இரண்டு தடவை.

"இப்போ கொஞ்சம் நிதானமா யோசிச்சா..." என்று ஆரம்பித்தான்.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு தடவ சொன்னா மாத்திப் பேசற ஆளா நீ? எனக்குத் தெரியாதா?"

அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று மினிக் திகைத்தான்.

"இல்ல, அந்தப் பையன் நல்லவனாக்கூட இருக்கலாம்."

"உனக்கு அவனத் தெரியுமா?"

"தெரியாது!"

"படத்தக் காட்டினா. நான் பாக்கமாட்டேன்னுட்டேன். சின்ன வயசிலேருந்து நாய் ஓட்டறானாம்! தெற்குல ஏது நாய்? எதக் கட்டி ஓட்டினான், பூனையயா? நீயே சொன்னியே, திட்டம் போட்டு வர்றான்னு. சரியாத்தான் சொன்ன."

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பொய் சொன்னதுகூடப் பரவால்லப்பா." வண்டிக்காரரின் குரல் திடீரென்று தணிந்தது. பனித்தரையில் சறுக்குக்கட்டைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "அம்மா ஒரு தடவ போனா. மண்ணு அள்ளிப் போட்டது இந்தக் கைதான். அப்புறம் திரும்பி வந்தா. தூக்கி வளத்தேன், நடக்கப் பழக்கினேன், பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரி வண்டியில கொண்டுபோய் விட்டேன். இப்போ மறுபடியும் போறேங்கறா. ரெண்டாந்தரம் அனுப்பி வைக்கற தெம்பு எனக்கில்ல."

மினிக்குக்குக் கண் கரித்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. இந்த மனிதரிடம் இனி ஒரு பொய்யும் சொல்ல முடியாது என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. தெற்கத்தி ஆளும் கற்றுக்கொள்வான் என்று அவருக்குக் காட்டிவிட்டால் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டுங்களா?"

வேறு எந்த வண்டிக்காரரும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். இவர் முகம் மலர்ந்துபோனது.

"கேக்கணுமாப்பா? உன் நாய்ங்க மாதிரி நெனச்சுக்க."

சாட்டை கைக்கு வந்தது. மினிக் அதை வீசினான். அது ஒரு சுற்றுச் சுற்றி அவன் தொப்பியிலேயே வந்து விழுந்தது. இரண்டாவது வீச்சில் முன்னால் ஓடிய வெள்ளை நாயின் கயிற்றில் சிக்கிக்கொண்டது. வெள்ளை நாய் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் மரியாதை துளிகூட இல்லை. அது நின்றதும் மற்ற நாய்கள் அதன்மேல் ஏற, கயிறுகள் எல்லாம் பின்னிக்கொண்டன.

"இரு, இரு. நான் பிரிச்சு விடறேன்," என்று வண்டிக்காரர் இறங்கிப் போனார். கையுறையைக் கழற்றிவிட்டுச் சிக்கலைப் பிரித்தார். கடைசி முடிச்சு அவிழ்ந்த நேரம் மினிக் உதவி செய்ய எழுந்து நின்றான். அதுதான் தப்பு. கால் வழுக்கிக் கலைமான் தோலில் குப்புற விழுந்தான். விழும்போது அலறினான். நாய்களுக்கு அலறல் என்றால் 'போ' என்று அர்த்தம்.

"பிடிச்சுக்கப்பா!" என்ற குரல் பின்னால் கேட்டது. அடுத்த கணம் அது வெகுதூரத்தில் கேட்டது.

மினிக் நில் என்றான், நில்லுங்கள் என்றான், ஆண்டவரே என்றான். ஒவ்வொரு கத்தலுக்கும் வேகம்தான் கூடியது. எதிரே வந்த ஜெர்மன் தம்பதி அவனைப் படம் பிடித்தார்கள். தனியாக ஓட்டுகிறானே என்ற வியப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. மீன் காயவைக்கும் பரண்கள் பறந்தன, தெரு ஒன்று குறுக்கே வந்துபோனது. ஒரு மஞ்சள் வீட்டின் பின்புறம், தீனிப் பீப்பாய்க்குப் பக்கத்தில், பதினான்கு நாய்களும் ஒரே நேரத்தில் நின்றன. மினிக் நிற்கவில்லை. பனிக்குவியலுக்குள் போய் விழுந்தான்.

பனி தள்ளும் பலகையோடு பிபியானே நின்றிருந்தாள்.

"மினிக்! நெசமாவே ஓட்டத் தெரியுமா உனக்கு? நான் பொய்யின்னுல்ல நெனச்சேன்!"

"பொய்தான்," என்றான் மினிக், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு.

"இது எங்க நாய்ங்களாச்சே. அப்பா எங்க?"

"நடந்து வர்றாரு."

"அவர்கிட்ட பேசினியா? என்ன சொன்னாரு?"

"நம்ம கல்யாணத்துக்குச் சம்மதிக்கலாமான்னு என்கிட்டயே கேட்டாரு."

"உன்கிட்டயா? நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னுட்டேன்."

பிபியானே பலகையைக் கீழே போட்டாள். சீட்டில் எழுதிய பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.  சிரிப்பதா, அந்தப் பலகையாலேயே ஒன்று போடுவதா என்று முடிவெடுக்க முடியாதவளாக அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மேசை நிறைய கேக்குகள். அவளுடைய அம்மா ரெகினே சமையலறையில் காப்பி போட்டபடியே மகள் சொன்ன கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

கதவு திறந்தது. வண்டிக்காரர் இரைக்க இரைக்க உள்ளே வந்தார். வந்தவர் முதலில் மினிக்கின் கை, கால், முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார்.

"எங்கயாவது அடிபட்டிருக்காப்பா?" பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். "ரெகினே! அந்த நூக்காரன் வந்தா வேண்டாம்னு சொல்லி அனுப்பிடு. முடிவாயிடுச்சு."

"முடிவு பண்றதுக்கு நீ யாரு மகனே?" என்றாள் பிபியானே. "அவரு உள்ள வந்து பத்து நிமிஷமாச்சு. இவருதான்."

வண்டிக்காரர் மினிக்கின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

மினிக் எழுந்து நின்றான். "ஆமாங்க. மினிக் நான்தான். அஞ்சலகத்துல பொட்டலம் தூக்கறேன். நாய் ஓட்டத் தெரியாது, அத நீங்களே பாத்துட்டீங்க. கத்துக்கிட்டு உங்கள ஏமாத்தலாம்னுதான் வந்தேன். இவங்களக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு இல்லீங்க. வேணும்னா நான் இங்கயே வந்துடறேன். இங்கயும் பொட்டலம் வருமில்ல?"

வண்டிக்காரர் அவன் சொன்ன எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டைப்பையில் கைவிட்டுக் கசங்கிய சீட்டை எடுத்தார். 

"மினிக்கா? அப்போ இதுல எழுதியிருக்கற பேரு? இதுவும் பொய்யா?"

"இல்லீங்க. ஆபகூக்குங்கறதுதான் எனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு. கேலி பண்ணாங்கன்னு மாத்திக்கிட்டேன். இன்னிக்கு நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்."

வண்டிக்காரர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிபியானே கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் முகம் சிவந்துகொண்டே போனது. தான் இன்னும் என்ன பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று மினிக்குக்குப் புரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

அப்போது காப்பிக் கெட்டிலோடு வெளியே வந்த ரெகினே, மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளிடம் சொன்னாள்:

"ஏன் அத்தை, அம்பது வருஷம் குடும்பம் நடத்தினது பத்தாதுன்னு மறுபடியும் ஆபகூக் மாமாவையே தேடிப் பிடிச்சுட்டீங்களா? உங்க மகன் என்னடான்னா, வண்டி கிளம்பினதுலேருந்து அப்பாகிட்டயே அம்மாவப் பத்திக் கோள் சொல்லிட்டிருந்திருக்காரு!"