ஆட்சேபணை ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை

கல்யாண ஓலை வாசிக்கும்போது நடுப்பூசையில் எழுந்து நின்று ஆட்சேபணை சொன்ன ஒரே கத்தோலிக்கர், உலகத்திலேயே எங்கள் ஆட்சேபணை ஐயாதான்.

திருப்பூரில் ஒரு சின்னக் கத்தோலிக்க வாரப் பத்திரிகைக்கு நான் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதில் பத்தி எழுதினார். குப்பை, குடிநீர், பஸ் நிற்காத நிறுத்தம், எதையும் விட்டுவைத்ததில்லை. தன் பத்தியில் அச்சுப்பிழை வந்தால் தன் பத்திரிகைக்கே கண்டனம் எழுதுவார்.

கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் முன்கூட்டியே பூசையில் அறிவித்து, 'தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்பார்கள். அதுதான் ஓலை. சும்மா சம்பிரதாயம், ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இவர் எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

"பொண்ணு மேல புகாருங்களா, மாப்பிள்ளை மேலயா?" என்றார் பங்குச்சாமியார்.

"ரெண்டு பேர் மேலயும் இல்லீங்க சாமி. பொண்ணு வேலை செய்யற பனியன் கம்பெனி மேல. கண்ணாலத்துக்குப் பொண்ணோட ஹாஸ்டல் சிநேகிதிகளை வெளிய உட மாட்டீங்கறாங்க."

விட்டார்கள், வேனில், வார்டன் காவலோடு. பந்தி முடிந்ததும் எண்ணி ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வாராவாரம் அவர் பத்தியில் ஒரே சங்கதிதான்: ஹாஸ்டல் பெண்கள் ஞாயிறன்று காவலில்லாமல் வெளியே போய்வர வேண்டும்.

இதில் அவருக்குத்தான் நஷ்டம். நல்லூரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வாரம் முழுக்க அவரோடு பேசியது கீழே ஓடும் நிட்டிங் மெஷின் மட்டும். ஞாயிறு பூசைக்கு வேனில் வரும் அந்தப் பெண்கள்தான், வண்டி கிளம்பும்வரை "தாத்தா, தாத்தா" என்று அவரை மொய்த்துக்கொண்டு கதை பேசுவார்கள்.

"கதவைத் திறந்துவிட்டா யாரும் இங்க வர மாட்டாங்க ஐயா" என்றேன்.

"வராட்டிப் போறாங்க கண்ணு. வேன்ல ஏத்திக் கொண்டாந்து எறக்குனா, அது பூசையா, ஷிப்மென்ட்டா?"

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வரும் சமயம், பத்தி அவர் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து கம்பெனி இறங்கிவந்தது. ஜெயித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பெஞ்சுகள் பாதி காலி. "நீங்க ஜெயிச்சீங்க, என்ர கோயிலு தோத்துருச்சுங்க" என்றார் சாமியார். பூசை முடியும் நேரத்துக்கு நானும் போய் அவரோடு வாசலில் நின்றேன். போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு தென்மாவட்டக் குரல்: "தாத்தா, நாங்க சினிமாக்குப் போறோம், பெறவு வாரோம்!"

கையை ஆட்டினார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் கை மேலேயே இருந்தது. வேன் வழக்கமாகக் கிளம்பும் நேரம்வரை அங்கேயே நின்றார். மறு ஞாயிறும் அப்படித்தான் நின்றாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "'பூசைக்கு வாங்க'ன்னு பத்தியில ஒரு வரி எழுதுங்களேன் ஐயா."

"அதுக்கு நான் வார்டன் வேலைக்கே போயிருக்கலாமே கண்ணு."

அதற்கடுத்த ஞாயிறு நான் போய் அவர் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குக் குலதெய்வம் சுடலைமாடன். எப்போது எழ வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும், ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அவர் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார்.

இப்போது எல்லாமே அத்துப்படி. ஆனாலும் அவர் இழுக்கும்வரை உட்கார்ந்தேதான் இருக்கிறேன்.