நான் சாகடித்த மாணிக்கம் அங்கிள்

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பார்கள். நான் ஒருவரைத்தான் கொன்றேன். அதுவும் வாயால்.

அப்போது கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ஆபீசராக இருந்தேன். சிறப்பு மருத்துவப் பயிற்சியில் சேர ஒரு தேர்வுதான் பாக்கி. கெட்ட செய்தியைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்ற செய்முறைத் தேர்வு. தவறினால் இன்னொரு வருடம் அதே வார்டு, அதே இரவு டியூட்டி. நோயாளியின் மனைவியாக நடிக்க ஒருவரை அழைத்து வருவார்கள். அவரிடம் கணவர் இறந்துவிட்டதை அன்பாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்தால் மதிப்பெண் கிடையாது. எனக்கு நடிக்க வருபவர் தமிழ் பேசும் ஓர் அம்மா என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கியவள் நான், பயமே இல்லை. (வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்துவிட்டார்கள்.)

தேர்வு அறைக்குள், பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் சரோஜா ஆன்டி உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறைய மல்லிகை. மூலையில் தமிழ் தெரிந்த தேர்வாளர் மேடம். என்னிடம் கொடுத்த தாளில் கணவர் பெயர் மாணிக்கம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் நன்றாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் பொட்டும் பூவுமாக இருக்கிறவரிடம் அந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆன்டி, உங்க வீட்டுக்காரர் மாணிக்கம் அங்கிள்... போயிட்டாரு."

"வேற வார்டுக்கா?"

"இல்ல ஆன்டி, தவறிட்டாரு."

"ஐயோ, கட்டில்லேருந்தா? அடி பலமா?"

(தெளிவாகச் சொல்லும்வரை புரியாத மாதிரியே இருக்கச் சொல்லி அவருக்கு உத்தரவாம். எனக்கு அது தெரியாது. காது மந்தம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.)

"சாமிகிட்ட போயிட்டாரு ஆன்டி."

"உடம்பு முடியாதவர யாரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். அத்தோடு என் பொறுமையும் போய்விட்டது.

"ஆன்டி, செத்துட்டாரு லா! மாணிக்கம் அங்கிள் செத்தே போயிட்டாரு!"

கதவு திறந்தது. பால் சேர்க்காத தே ஓ தேநீர்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா சொன்னது? நான் வெளியதானே உக்காந்திருக்கேன்."

ஆன்டியின் நிஜக் கணவர். பெயர் பதியும்போது கணவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், நடிப்புக்கு என்று தெரியாமல் ஆன்டியும் சொல்லிவிட்டார். அப்புறம் மாற்றச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டாராம்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தேர்வு போச்சு என்று தெரிந்துவிட்டது. ஆன்டி எழுந்து வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அங்கிள் தே ஓவை என் கையில் கொடுத்து, "குடிம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். இறந்தவரே வந்து டாக்டரைத் தேற்றியதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை என்று மேடம் சொன்னார். தோல்வி.

கார் நிறுத்துமிடத்தில் ஆன்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல ஆன்டி."

"என் மகன் செமினியில இருக்கான். நல்ல பையன்."

அடுத்த வருடம் 'இறந்துட்டாரு' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தேறினேன். அதற்குள் செமினிக்கு மருமகளாகவும் போயிருந்தேன். வாசலில் காலெடுத்து வைக்கும் முன்பே மாமனாரைச் சாகடித்த மருமகள் உலகத்திலேயே தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று மாமியார் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்லிவிடுவார்.

போன மாதம் மாமாவுக்கு நெஞ்சு வலி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காலையில் ரிப்போர்ட்டோடு அறைக்குள் போனேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"கெட்ட செய்தின்னா நீ சொல்லாதம்மா. வேற டாக்டர அனுப்பு."

"நல்ல செய்திதான் மாமா. வெறும் வாயு."

"அதையும் அவரே வந்து சொல்லட்டும் லா."