மூன்று அரசாங்கமும் ஒரு கால்வாய்ப் பலகையும்

ஜெலுத்தோங், பினாங்கு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

குகன் வணக்கத்துடன் எழுதுவது. ரூபினி அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் கால்வாய் மேல் கிடந்த சிமெண்டுப் பலகை இரண்டாக உடைந்துவிட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சக்கர நாற்காலிதான். அது கால்வாயைத் தாண்டாது. ஆஸ்பத்திரியில் இரண்டு வியாழக்கிழமைச் சிகிச்சை போய்விட்டது. மூன்றாவதும் தவறினால் அவர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நோர்மா என்ற அதிகாரி, கால்வாய் எங்களுடையது, மேலே கிடப்பது சாலையோரம், சாலை மத்தியில் இருக்கும் கூட்டரசுடையது என்றார். கூட்டரசுச் சாலை இலாகாவுக்குப் போனால், தார் முடிகிற இடத்தோடு எங்கள் அதிகாரமும் முடிகிறது, நிலம் மாநிலத்தின் கையில் என்றார்கள். மாநில நில அலுவலகத்தில் நவமணி என்ற அக்கா, "நிலம் எங்களுதுதான் தம்பி, ஆனா பலகை நிலத்து மேலயா இருக்கு? காத்துல தொங்குதுலா. கீழ ஓடுற லோங்காங் யாருதோ அவங்களப் போய் கேளு" என்று மறுபடி ஊராட்சிக்கே அனுப்பினார். பிறையில் உள்ள தொழிற்சாலையில் நான் பழுது பார்க்கிற மெஷின் ஒவ்வொன்றிலும் யார் பொறுப்பு என்று பெயர் ஒட்டியிருக்கும். நாட்டின் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தவர்கள் ஒரு சீட்டு ஒட்டக்கூடாதா? மூன்று பெட்டி வரைந்து, அம்புக்குறி போட்டு அப்பாவிடம் காட்டினேன். எல்லா அம்பும் சுற்றிச் சுற்றி வந்தது. "நல்லாத்தான் வரஞ்சிருக்க" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் புத்ராஜெயாவில் கூட்டரசு ஊழியர். இத்துடன் உள்ள மனுவை மேலே யாரிடமாவது கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். "பார்க்கலாம்" வேண்டாம், அதை மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் உங்கள் இரத்த அழுத்தம் இறங்கவும் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
குகன்

பி.கு.: மனு உறையில் இல்லை, தேடாதீர்கள். பொறுமை போய், மாக் மண்டின் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு வெட்டி வாங்கி வந்தேன். அதைப் போடுவதற்காக உடைந்த பலகையைப் புரட்டினால், அடியில் அப்பாவின் பெயர் ஆணியால் கீறியிருக்கிறது: பக்கிரிசாமி, 1998.

"நீங்க போட்டதாப்பா? ரெண்டு வாரமா ஏன் சொல்லல?"

"பெர்மிட் இல்லாம போட்டது. சொன்னா சம்மன் வரும்லா."

எந்த அரசாங்கம் சம்மன் போடும் என்று கேட்டேன்.

"அதுக்கு மட்டும் மூணு பேரும் வருவாங்க."

நாளை வியாழன். தகடு போட்டாயிற்று, நாற்காலி தாண்டுகிறது. அதன் அடியில் நான் பெயர் எழுதவில்லை.