ஹைமாவதியின் டிகிரியும் என் உப்புமாவும்

இனி என்னை யாராலும் கணிக்க முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன். அப்போது எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு இயந்திரம் ஒரு மாதிரி. ஹாலில் வைத்தால் ஒரு எடை காட்டும், படுக்கையறையில் வைத்தால் வேறொன்று. நான் நியாயஸ்தன் என்பதால் வீடு முழுக்க நகர்த்தி வைத்துப் பார்த்து, எங்கே உண்மை பேசுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்வேன். பெரும்பாலும் துணி துவைக்கும் கல் பக்கத்தில்தான் அது உண்மை பேசும்.

சபதத்துக்குக் காரணம் என் மனைவி ஹைமாவதி. இன்டரில், அதாவது பிளஸ் டூவில், கணக்குப் பாடத்தில் கல்லூரிக்கே முதலாவதாக வந்தவள். ரிசல்ட் வந்த மாதமே என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள், அதாவது செய்துவைத்தார்கள். பையன் வளர்ந்து புனேக்கு வேலைக்குப் போனதும், பெட்டியைக் கட்டி அனுப்பிய கையோடு, டேட்டா சயின்ஸ் டிகிரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். எங்கள் விஜயவாடாவில் தெருவுக்கு நாலு பேர் அதைப் படிக்கிறார்கள். எல்லோருக்கும் பதினெட்டு வயது. இவளுக்கு நாற்பத்தி நாலு.

வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் அவளை ஆண்டி என்றார்கள். முதல் பரீட்சைக்குப் பிறகு மரியாதையாக ஹைமா காரு என்றார்கள். அடுத்த பரீட்சைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் எங்கள் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே, என் பங்கு ஜந்திக்கலு முறுக்கையும் தின்று தீர்த்தார்கள். நானும் அதே ஹாலில்தான் இருந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, மறைப்பானேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். முதல் வருஷம் எல்லாப் பாடமும் கம்ப்யூட்டரில்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து ஞாயிறுதோறும் குண்டூருக்குப் போய் நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டுமாம். இதை அவள் சொன்னது நான் எடை இயந்திரத்தின் மேல் நிற்கும்போது. முள் ஆடிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை டிபன்?" என்றேன்.

"நீங்க பண்ணிக்கோங்க."

"எனக்கு உப்புமா ஒண்ணுதான் பண்ணத் தெரியும். அதை நான் சாப்பிட மாட்டேன்."

"அப்புறம் யாருக்காகக் கத்துக்கிட்டீங்க?"

"உனக்கு ஜுரம் வந்தப்ப கத்துக்கிட்டேன்."

"அதான் அந்த ஜுரம் அவ்வளவு நாள் இருந்துச்சா?"

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "ஹைமா, ஒரு வருஷம் படிச்சாச்சு, ஆசை தீந்திருக்கும். போதும். அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"இதுவரைக்கும் நடந்ததைப் பாத்து, இனிமே நடக்கப்போறதைச் சொல்றது."

"அதைத்தான் எதிர்வீட்டு ஜோசியர் பண்றார். அவர் குண்டூர் போகலையே."

"தப்பாப் போனதை அவர் மறந்துடுவார். நாங்க அதைத்தான் முதல்ல ஞாபகம் வச்சுக்குவோம்."

"சரி, நான் என்ன பண்ணப்போறேன்னு சொல்லு பாப்போம்."

"நீங்களா?" என்று சிரித்தாள். "ஏமண்டி, ஏதாவது கஷ்டமானதா குடுங்க."

அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. நீர்ப்பாசன அலுவலகத்தில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தால் எப்போது வெளியே போகும் என்று எந்த ஒப்பந்தக்காரராலும் கணிக்க முடிந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பந்தயம் அங்கேயே முடிவானது. இட்லி, பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசை, உப்புமா. இந்த மூன்றில் ஒன்றை ஒரு வாரம் தினமும் மாலையில் நான் கேட்பேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் அதைச் சமைத்து மூடி வைத்திருக்க வேண்டும். தவறினால் நான் கேட்டதைப் புதிதாகச் செய்து தர வேண்டும். வாசனை பிடித்து நான் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதால், உள்ளே வருமுன் பக்கத்து வீட்டு ராயுடு காருவிடம் சொல்லி, அவரைச் சாட்சியாகக் கூட்டி வர வேண்டும். ராயுடு காருவுக்கு இதில் கஷ்டமே இல்லை. டிபன் நேரத்தில் அவர் எப்படியும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலே வாரத்துல ரெண்டு நாள் சரியா வந்துடும், அது படிப்பில்ல" என்றாள் ஹைமா. "அஞ்சு நாள் சரியாச் சொன்னா நான் குண்டூர் போறேன். ஞாயித்துக்கிழமை அடுப்பு உங்களது. சொல்லலைன்னா படிப்பை இதோட நிறுத்திக்கறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை. எனக்குப் பெசரட்டு உயிர். ஆகவே அவள் பெசரட்டுதான் செய்திருப்பாள். ஆகவே நான் இட்லி என்றேன். மூடியைத் திறந்தாள். இட்லி.

"முதல் நாள் புத்திசாலித்தனம் காட்டுவீங்கன்னு தெரியும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பெசரட்டு என்றேன். பெசரட்டு இருந்தது.

"எப்படி?"

"நேத்து இட்லி சொல்லியாச்சு. இன்னைக்கும் அதையே சொன்னா ஒழுங்கா இருக்கிற மாதிரி ஆயிடும்னு மாத்தினீங்க. மனுஷங்க தாறுமாறா இருக்க நினைச்சா மாத்தி மாத்தித்தான் சொல்லுவாங்க. நிஜமாவே தாறுமாறா இருந்தா ஒண்ணே திரும்பத் திரும்பவும் வரும். இது முதல் செமஸ்டர் பாடம்."

எதிரிக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறாளே, பாவம் என்று நினைத்தேன். புதன்கிழமை மறுபடியும் பெசரட்டு என்றேன். பெசரட்டு இருந்தது.

"நேத்து எதுக்கு அதைச் சொன்னேன்னு நினைச்சீங்க?" என்றாள் இஞ்சிப் பச்சடியைத் தட்டில் வைத்தபடி.

ராயுடு காரு என்னைத் தனியே அழைத்துப் போனார். "ராவ் காரு, உங்களுக்குப் பிடிச்சதையே சுத்திச் சுத்தி வர்றீங்க. தியாகம் பண்ணாம ஜெயிக்க முடியாது."

"என்ன தியாகம்?"

"உப்புமா."

வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு உப்புமா என்றேன். ஹைமா மூடியைத் திறந்தாள். இட்லி. அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு திகைப்பைப் பார்த்தேன். உடனே ரவை வறுத்து உப்புமா கிண்டி வைத்தாள். ஜெயித்தவன் அதை உட்கார்ந்து தின்ன வேண்டியிருந்தது. தின்றேன். வெள்ளிக்கிழமையும் உப்புமா. அவள் பெசரட்டு செய்திருந்தாள். அந்தப் பெசரட்டுகளை ராயுடு காரு என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மடித்து உள்ளே தள்ளினார், நான் உப்புமாவைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். ஒரு பெரிய படிப்பை ரவையால் அடித்து வீழ்த்தியவன் இந்த ஆந்திராவில் நான் ஒருவன்தான்.

மூன்று அவளுக்கு, இரண்டு எனக்கு. இன்னும் ஒரு நாள் அவள் தவறினால் போதும்.

"வருத்தமா இருக்கா ஹைமா?" என்றேன்.

"இல்லையே. ஜெயிக்கறதுக்காக உங்களையே நீங்க கஷ்டப்படுத்திக்குவீங்கன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். ஆனால் சாப்பிட்ட பிறகு அவள் புத்தகத்தைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. உப்புமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமையும் உப்புமா என்று சொல்லத்தான் ராயுடு காருவின் கேட்டருகே நின்றேன். வாய் திறந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. வயிறு முன்னால் வந்து நின்று இட்லி என்றது.

இட்லிதான் இருந்தது. "ரெண்டு நாளுக்கு மேல உங்க உடம்பு தாங்காது. மூணாவது நாள் மெத்துனு ஏதாவது கேக்கும்" என்றாள்.

ஆக, எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. அன்று மாலை ராயுடு காரு வீட்டு முன்னறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். என்ன யோசித்தாலும் அதை அவள் முன்பே யோசித்திருப்பாள்.

"அப்ப நீங்க யோசிக்காதீங்க" என்றார் ராயுடு காரு. பேரப்பிள்ளைகளின் பாம்பு ஏணி அட்டையிலிருந்து பகடையை எடுத்து வந்தார். "இது யோசிக்குமா? இதுக்குப் பொண்டாட்டி இருக்கா? ஒண்ணு, ரெண்டு விழுந்தா இட்லி. மூணு, நாலு பெசரட்டு. அஞ்சு, ஆறு உப்புமா. இதை எந்தப் பல்கலைக்கழகமும் கணிக்க முடியாது."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முன்னெச்சரிக்கையாக அவருடைய செல்போனையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பகடையை உருட்டினேன்.

அஞ்சு.

"உப்புமா" என்றார்.

"சுவத்துல பட்டுடுச்சு. செல்லாது."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"எல்லா ஊர்லயும் இருக்கு." மறுபடி உருட்டினேன். ஆறு.

"மறுபடியும் உப்புமா, ராவ் காரு."

"கை ஈரமா இருந்துச்சு." துடைத்துக்கொண்டு உருட்டினேன். ஒண்ணு.

"இட்லி. முடிஞ்சுது, வாங்க போவோம், பசிக்குது."

"நேத்துதான் இட்லி சாப்பிட்டேன்னு இதுக்குத் தெரியாதில்ல? தெரியாத்தனமா விழுந்ததை எப்படி எடுத்துக்கறது?" என்று பகடையை நன்றாகக் குலுக்கி, நடுத்தரையில் சுத்தமாக உருட்டினேன். மூணு.

"பாத்தீங்களா, இதுதான் நேர்மையான வீச்சு. பெசரட்டு."

பகடை வடிவில் ஆண்டவனே நேரில் வந்து என்னைக் காப்பாற்றியதாகத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ராயுடு காரு பின்னாலேயே வந்தார். "பெசரட்டு" என்றேன்.

ஹைமா மூடியைத் திறந்தாள். பச்சைப் பசேலென்று ஆவி பறக்கப் பெசரட்டு.

நான் விடவில்லை. பெசரட்டுக்குள் உப்புமா வைத்து மடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரே தட்டில் இரண்டையும் ஒளித்துவைத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று அதைப் பிரித்துப் பார்த்தேன். வெங்காயமும் பச்சை மிளகாயும்தான் இருந்தன. இட்லிப் பாத்திரத்தைத் திறந்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தது. வாணலி காய்ந்திருந்தது.

"ராயுடு காரு, நீங்கதானே சொன்னீங்க?"

"என் போனே உங்க பையிலதானே இருக்கு?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "ஹைமா, இன்னைக்கு நான் யோசிக்கவே இல்ல. பகடை போட்டேன். பகடையை நீ எப்படிக் கணிச்சே?"

"பகடையா? எனக்கு அது தெரியவே தெரியாதே" என்றாள் அவள். நிஜமான ஆச்சரியம். ஒரு நிமிஷம் யோசித்தாள். "எத்தனை தடவை போட்டீங்க?"

நான் ராயுடு காருவைப் பார்த்தேன். அவர் பெசரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு" என்றார்.

"நீங்க எதைக் கேட்டாலும் அப்படித்தானே?" என்றாள் ஹைமா. "சர்க்கரை டாக்டர் ஸ்வீட் கூடாதுன்னார். இன்னொருத்தர்கிட்டப் போனீங்க, அவரும் கூடாதுன்னார். கொஞ்சம் சாப்பிடலாம்னு ஒருத்தர் சொல்ற வரைக்கும் ஊர் பூரா சுத்தினீங்க. எடை மிஷினை வீடு பூரா இழுத்துக்கிட்டுப் போறீங்க. இன்னைக்குக் கடைசி நாள், நீங்க யாரையாவது யோசனை கேப்பீங்கன்னு தெரியும். ராயுடு காருவா, சாமியா, பகடையான்னுதான் தெரியாது. எதைக் கேட்டாலும் பெசரட்டுன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டீங்கன்னு தெரியும்."

"இதெல்லாம் டிகிரியில சொல்லிக் குடுத்தாங்களா?"

"பிடிக்காத விடையைத் தூக்கிப் போடாதேன்னு முதல் நாளே சொன்னாங்க. அப்படிப் போடறவங்க எப்படி இருப்பாங்கன்னு மத்தப் பிள்ளைங்களுக்குப் புரியல. எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு."

பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணும் கொஞ்சம் நனைந்திருந்ததைப் பார்த்தேன். இந்த ஒரு வாரம் அவள் எதைப் பணயம் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குண்டூருக்கு நானே பஸ் ஏத்தி விடறேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

"சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றாள்.

வகுப்பு தொடங்கிய முதல் ஞாயிறு அவளை விடியற்காலைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் யோசித்தேன். தோற்றவன் தோற்றவனாகவே இருந்துவிடக்கூடாது. எனக்குத் தெரிந்தது உப்புமா ஒன்றுதான், அதைத்தான் கிண்டுவேன் என்று அவள் நினைத்திருப்பாள். கிண்ட மாட்டேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாமல் செய்வேன். யாரையும் கேட்காமல், எதையும் உருட்டாமல், மார் நிமிர்த்திச் சமையலறைக்குள் போனேன்.

இட்லிக்கு மாவு அரைத்திருக்கவில்லை. பெசரட்டுக்குப் பயறு ஊறவைத்திருக்கவில்லை. அடுப்பருகே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். வறுத்த ரவை, நறுக்கிய வெங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை, எல்லாம் இரண்டு பேருக்கு.

"என்ன ராவ் காரு, டிபன் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே ராயுடு காரு கேட்டைத் திறந்தார்.