நாற்பது நாள் ஊறல்

சாமை மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த பாட்டிலைக் காணோம்.

கலையரசன் மூட்டையை நகர்த்திப் பார்த்தார். பக்கத்து மூட்டையையும் நகர்த்தினார். ஒரு பல்லிதான் ஓடியது. நாற்பது நாள், ஐயா, நாற்பது நாள்! பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

ஆறு மாதத்துக்கு முன், மலைப்பாதையில் ஜீப் ஓட்டும்போது இருமி இருமிப் பள்ளத்தில் விடப் பார்த்த அன்று, மனைவி ரேணுகாதேவியின் தலையில் கை வைத்து, "இனிமே புகைய தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தவர் அவர். மறுவாரமே திருப்பத்தூர் செல்போன் கடை நவீன்குமார், பேனா மாதிரி ஒரு இ-சிகரெட் மிஷினைக் கையில் திணித்தான். உறிஞ்சினால் ஆவி வரும். நெருப்பு இல்லை, பீடி இல்லை, ஆகவே சத்தியமும் உடையவில்லை என்று மனிதர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அதற்கு நாட்டில் தடை இருக்கிறது என்பதை வசதியாக மறந்தும் போனார்.

மிஷினில் ஊற்றும் சரக்கை வீட்டிலேயே கலக்கலாம். கிளிசரின், பலாப்பழ எசன்ஸ், அப்புறம் நவீன்குமார் தரும் குட்டிச் சீசா நிகோடின்.

"கைல பட்டா சோப்பு போட்டு கழுவுணா, வெஷம். கலந்த ஒடனே இழுக்காத. இருட்டுல நாப்பது நாள் ஊறணும். அப்பதான் வாசனை எறங்கும், கிக்கு ஏறும்."

முதல் பாட்டிலுக்கு நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இழுத்தார். அடடா, என்ன கிக்கு! அதிலிருந்து ஊறப்போடுவதே அவருக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. தினமும் குலுக்குவார், மோந்து பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். தண்ணீராக இருந்தது இருபதாம் நாள் மஞ்சளாகும். நாற்பதாம் நாள் அசல் தேன் நிறம்.

அந்தத் தேன் நிறம்தான் வினையாகிவிட்டது. ரேணுகாதேவியின் மகளிர் குழு மலைத்தேன் அடைப்பதும் அதே பாட்டிலில்தான். இவர் சுட்டதே அங்கிருந்துதானே!

போன் போட்டார். "ரேணு, மூட்டைக்குப் பின்னாடி ஒரு பாட்டிலு..."

"ஆமாங்க, ஒண்ணு தனியா கெடந்துச்சு. சேனைக்கு எடுத்துனு வந்துட்டேன்."

ரேணுவின் தம்பி மோகனின் கைக்குழந்தை அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தது. அதன் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைப்பதுதான் சேனை.

"வைக்காத! அதுல எறும்பு!"

"வடிகட்டிக்கலாம்ங்க."

"இல்ல ரேணு... நான்... நான்தான் வைக்கணும்! ரொம்ப நாள் ஆசை!"

"நெசமாவா? சேனை வைக்கிறவங்க கொணம்தான் கொழந்தைக்கு வரும்னு சொல்லுவாங்க. சீக்கிரம் வாங்க!"

அவர் ஓட்டும் வாடகை ஜீப்பில் திருப்பத்தூர் போக ஏழு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இறக்கிவிட நேரமேது? வண்டி எதிர்த்திசையில், மோகன் வீட்டுக்குப் பறந்தது.

"அண்ணா, ஆஸ்பத்திரி மீட்டிங்குக்கு நேரமாவுது!" என்று கத்தினாள் முன்சீட்டில் இருந்த நர்ஸ் தமிழரசி. அவர் காதில் விழவில்லை.

போய் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் ரேணு சந்தோஷத்தில் தெருவையே கூட்டி வைத்திருந்தாள். பாய் விரித்து, அவரை உட்காரவைத்து, மடியில் குழந்தையைப் போட்டார்கள். விரலில் ஒரு தங்க மோதிரத்தை மாட்டி, எதிரே பாட்டிலைத் திறந்தும் வைத்தார்கள்.

"தொட்டு வை மாமா," என்றான் மோகன்.

பலாப்பழ வாசனை கும்மென்று வந்தது. அதேதான்!

"வந்து... நல்ல நேரம் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"தேன் புளிச்ச மாதிரி இருக்குது..."

"எங்க குழு தேனா புளிச்சிருக்குது?" ரேணுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குடுங்க, நானே வைக்கிறேன்!"

அவள் விரல் பாட்டிலுக்குள் போயே விட்டது. குழந்தையோ கொட்டாவி விட்டு வாயைத் திறந்தது. கலையரசன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒரு கையால் குழந்தையை மோகனிடம் தள்ளினார். மறு கையால் பாட்டிலைப் பிடுங்கி மடக் மடக்கென்று அத்தனையையும் குடித்து முடித்தார்.

"அடப்பாவி, கொழந்த தேனக் கூட வுடல பாரு!" என்றாள் மோகனின் பெரியம்மா பாஞ்சாலை.

கலையரசனுக்கு வேர்த்தது. தலை சுற்றியது. கை கால் உதறியது. குழந்தை பிழைத்தது என்ற நிம்மதியோடு பாயில் சாய்ந்தார்.

"ரேணு, விரல கழுவு! அது தேனில்ல, வெஷம்! ஆறு மாசமா உன்ன ஏமாத்திட்டேன்..." என்று மிஷின், சீசா, ஊறல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கக்கினார். "பசங்கள நல்லா பாத்துக்கோ!"

ரேணு கையை உதறிக்கொண்டு, "நர்ஸக்கா, காப்பாத்துங்க!" என்று அலறினாள். தமிழரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாடியைப் பிடித்தாள். "நூத்தியெட்டுக்கு அடிங்க! கைக்கொழந்தைக்குத் தேனே கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது! அண்ணா, நிகோடினு எவ்ளோ போட்ட?"

"தெரியல... நவீனக் கேளு..."

நவீன்குமாருக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜீப்பில் வந்தவர்கள் உட்பட மொத்தத் தெருவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"குடிச்சிட்டாரா?" நவீன்குமாரின் குரல் நடுங்கியது. "அய்யோ அக்கா, போலீசுக்கெல்லாம் போவாதீங்க! சீசால இருந்தது வெறும் தண்ணி, நெறம் மாறுறது எசன்ஸால. தடை போட்டப்பறம் நிகோடினுக்கு நான் எங்க போவேன்? வயிறு கொஞ்சம் எளகும், அவ்ளோதான்!"

தமிழரசி மறுபடி நாடி பார்த்தாள். சிரித்துவிட்டாள். கலையரசனின் உதறல் சட்டென்று நின்றது. எழுந்து உட்கார்ந்தார். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ரேணு சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. "உயிர் பொழச்சீங்க, சரி. என் தலைல அடிச்ச சத்தியம் போச்சே! ஆறு மாசமா திருட்டுத்தனமா இழுத்தீங்களே!" போனைப் பிடுங்கினாள். "ஏம்பா, வெறும் தண்ணிய எதுக்கு நாப்பது நாள் ஊறவைக்கச் சொன்ன?"

"கையோட குடுத்தா கிக்கு இல்லன்னு சண்டைக்கு வருவாங்கக்கா. நாப்பது நாள் காக்கவச்சா, அதுக்குள்ள பழக்கமே வுட்டுப்போய்டும். அண்ணன் நிகோடின வுட்டு ஆறு மாசம் ஆவுது, அது அவருக்குத்தான் தெரியல!"