பறக்கும் பல்லிக்குக் கேரட்

"மெல்லப் பேசு சிவலீலா, அது தூங்குது."

"எது தூங்குது? பெட்டிக்குள்ள கெடக்கற அந்தப் பல்லியா? நான் இங்கேர்ந்து கத்தினா அதுக்குக் காது கேக்குமா?"

"அதுக்குக் கேக்காது. எனக்குக் கை தவறும்."

"என் தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம். பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமா நடந்துட்டிருக்கேன். நீங்க பல்லிக்குச் சோறு ஊட்டிட்டிருக்கீங்க."

"நீ மட்டும் போய்ட்டு வா. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, மூளைதான் சரியில்லன்னு சொல்றேன். பொய் சொன்ன பாவமாவது வராது."

மைசூர் சரஸ்வதிபுரத்தில் அந்தத் தெருவில் வீடுகள் நெருக்கம். எதிர்வீட்டுப் பிரபாமணி அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாளிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

சிவலீலாவின் கணவர் ஷடாட்சரி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால், அதைக் கொண்டுவந்தவரையும் சேர்த்து வாசலிலேயே நிறுத்துகிற வீடு. மகன் நிரஞ்சன் புனேயில் வேலை பார்த்தான். போன வருஷம் அங்கேயே அனகா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். படித்த பெண், நல்ல குடும்பம், கன்னடமும் தெரியும். எல்லாம் சரி, ஆனால் கார்வார்க்காரி. மீன் இல்லாமல் சோறு இறங்காது.

"மீன் வாசனையோட யாரும் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் ஷடாட்சரி.

"அப்ப நானும் மிதிக்கல" என்றான் நிரஞ்சன்.

அதோடு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றது. இரண்டு பேருமே போன் மணி அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். இரண்டு பேருமே அடிக்க மாட்டார்கள்.

மகன் விட்டுப்போன கணினியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் வாத்தியார் தூசி தட்டினார். கை எங்கேயோ பட்டது. மகனின் பழைய விளையாட்டு ஒன்று திறந்து, திரையில் ஒரு காடு விரிந்தது. ஆதிகாலத்து ராட்சச ஜந்துக்கள் அங்கங்கே மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில், எங்கிருந்தோ ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆள். தலைக்கு மேல் 'நிரு' என்று பெயர். வீட்டில் மகனைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். வாத்தியார் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து, "நான் அப்பா" என்று தட்டினார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்தில் வந்தது: "சாப்பிட்டீங்களா அப்பா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான். கல்யாணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. மாத்திரை போட்டீங்களா, முழங்கால் எப்படி, அந்தப் புதர்ப் பக்கம் போகாதீங்க கடிக்கும். இவ்வளவுதான். சிவலீலாவுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை.

"இத்தனை வருஷம் இந்த வீட்ல இருந்தானே, ஒருநாள் யாரையாவது சாப்பிட்டியான்னு கேட்டிருப்பானா? ஊர் மாறினதும் என்னமா மாறிட்டான் பாருங்க."

அந்த விளையாட்டில் நிருவின் வீடு கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருந்தது. கடலில் ஆளை முழுங்குகிற சுறாக்கள். பறந்துதான் போகவேண்டும். புனேக்கு ரயில் ஏற வாத்தியாரின் மானம் இடம் கொடுக்கவில்லை. திரைக்குள்ளாவது பிள்ளை வீட்டு வாசலில் போய் இறங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். அதற்குத்தான் பல்லி. இறக்கையை விரித்தால் ஒரு மொட்டைமாடி அகலம்.

அதைப் பழக்குகிற விதத்தை நிரு விளக்கியிருந்தான். மயக்க அம்பு விட்டு விழவைக்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து, தூங்கத் தூங்க வாயில் தீனி போட வேண்டும். மயக்கம் தெளிகிற மாதிரி இருந்தால் ஒரு கறுப்புப் பழம். "பாதியில முழிச்சுட்டா அவ்வளவுதான் அப்பா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆனா ஒரு தடவை பழகிடுச்சுன்னா உங்களை விட்டுப் போகவே போகாது."

பல நாள் குறி தப்பி, நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் பல்லி விழுந்தது. நிருவுக்கு அப்போது பார்த்து ஆபீஸில் மீட்டிங். "முடிச்சுட்டு ஓடி வரேன். அதுவரைக்கும் மாமிசம் போட்டுட்டே இருங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

வம்பு அங்கேதான். அந்தக் காட்டிலேயே பழத்தைத் தின்று உயிர் வாழ்கிற ஒரே மனிதர் ஷடாட்சரி. விளையாட்டில்கூட ஒரு கோழியை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் பல்லியின் வாயில் கேரட் வைத்தார்.

பல்லி எவ்வளவு பழகியது என்று காட்டுகிற கோடு அசையவில்லை. பச்சையாகக் கொடுத்ததால்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பூசணிக்காயை வேகவைத்துக் கொடுத்தார். பசிக் கோடு சரசரவென்று இறங்கியது. எதுவோ ஒரு குட்டிப் பிராணி வந்து பல்லியின் வாலைக் கடித்தது. விரட்டத் தடியைச் சுழற்றினார். அடி பல்லியின் மண்டையில் விழுந்தது.

"அதுக்குப் பசியெடுத்தா பூசணிக்கா, தூங்கினா அடி. நம்ம புள்ளையை வளர்த்த மாதிரியேதான் வளர்க்கறீங்க" என்றாள் சிவலீலா.

பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

வாத்தியார் அலறவில்லை. "அங்க நேரம் நிக்காது சிவலீலா. நாம பார்க்காட்டியும் அது முழிச்சுடும்" என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டபிறகு சிவலீலா நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த காட்சியைத் தெருவே பார்த்தது. வாத்தியார் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, பட்டுப் புடவையில் சிவலீலா கணினிப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் ஓட, இன்வெர்ட்டர் இருக்கிற பிரபாமணி வீட்டுக்குள் இருவரும் நுழைந்தார்கள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாளம் தட்டி, சிவன் மேல் கன்னட வசனப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார், நடுக்கூடத்துலயே வைங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள் பிரபாமணி. வீட்டுக்கே தேடிவந்த விஷயத்தை மூலையில் வைக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

திரை தெளிந்தபோது பல்லியின் கண்ணிமை துடித்துக்கொண்டிருந்தது. நிரு வந்திருந்தான்.

"கேரட்டா போட்டீங்க அப்பா?"

"பூசணிக்காயும்."

நிரு பையைக் கவிழ்த்தான். குவியலாக மீன். "தலையை வெட்டாம முழுசாப் போடுங்க. தலைதான் ருசி."

பாட்டு நின்றது. வசனப் பாட்டுக் கூட்டத்தில் மீன் கொட்டியது சரஸ்வதிபுரத்தில் அதுவே முதல் தடவை.

"மீன் தலை ருசி இவனுக்கு எப்படித் தெரியும்?" ஷடாட்சரியின் முகம் வெளிறியது. "அந்தப் பொண்ணு நல்லாக் கெடுத்துட்டா."

"கெட்டவன் கெட்டுட்டான், பல்லி ஏன் சாகணும்? போடுங்க" என்றாள் சிவலீலா.

"சிவசிவா" என்று கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். கோடு ஏறியது. இன்னொரு மீன். இன்னும் ஏறியது. கூட்டத்தில் யாரோ, "அந்தப் பெரிசைப் போடுங்க சார்" என்றார்கள்.

அப்போதுதான் ஆற்றிலிருந்து முதலை வந்தது.

"நீங்க நகராதீங்க அப்பா, மீன் போட்டுட்டே இருங்க" என்று எழுதிவிட்டு நிரு நேராகப் போய் அதன் முன்னால் நின்றான். முதலை அவனை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் போனது. மாதக் கணக்கில் அவன் சேர்த்து வைத்திருந்த கவசம், ஆயுதம் எல்லாம் போயிற்று. அந்த நேரம் பல்லி கண்ணைத் திறந்தது, எழுந்தது, வாத்தியார் முன்னால் கழுத்தைத் தாழ்த்தியது.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது பிரபாமணிதான். "பெத்த புள்ளைன்னா இப்படி இருக்கணும்."

வாத்தியார் பறந்தார். கடலைத் தாண்டித் தீவில் இறங்கினார். மறுபிறவி எடுத்து நிரு அங்கே காத்திருந்தான். பின்னால் வீடு. அதில் புதிதாகக் கட்டிய ஓர் அறை. கதவில் 'அப்பா அம்மா' என்று பலகை. வாசலில் ஒரு பாத்தி நிறையக் கேரட்.

ஷடாட்சரிக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஆனாலும் தட்டினார். "நன்றி மகனே. யுகாதிக்கு வீட்டுக்கு வா. அவளையும் கூட்டிட்டு வா."

"வரோம் அப்பா. மீன் வாசனை?"

"இப்ப என் கையிலயே அதானே வீசுது."

அந்த நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண் கல்யாணமாகி இப்போது சிமோகாவில் இருக்கிறாள். வாத்தியாரின் மாடியில் குடியிருந்த வக்கீல் ஹாசனுக்குப் போய்விட்டார். நிரஞ்சன் மைசூரிலேயே வேலை தேடிக்கொண்டு மனைவியோடு அந்த மாடிக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஒரு வாசனை இறங்கி வரும். "பிரபாமணி வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் பண்ணச் சொல்லணும்" என்று வாத்தியார் பேப்பரைத் திருப்புவார். பிரபாமணி இதற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

அதெல்லாம் பின்னால். யுகாதி காலையில் ஆட்டோ வந்து நின்றபோது, பிரபாமணி போட்ட கோலத்தின் மேலேயே திரும்பவும் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஷடாட்சரி வாசலைத் தாண்டி வந்து மகனின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

"முதலைக்குக் குறுக்க போய் நின்னியேடா. சேர்த்து வச்சதெல்லாம் போச்சே உனக்கு. நேர்ல பார்த்து ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

நிரஞ்சன் விழித்தான். பின்னால் அனகா, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"என்ன முதலை? எனக்கு இப்பல்லாம் அதை ஆட நேரம் ஏதுப்பா, தினமும் என் பேர்ல உங்களோட ஆடினது இவதான். நான் ஒரு போன் பண்ணிடறேன்னு எத்தனையோ தடவை சொன்னேன், இவதான் விடல: 'பேசாம இரு, தீனி மட்டும் போட்டுட்டே இருப்போம், பாதியில முழிச்சுட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்'னுட்டா."