உலை வரிசையில் இழுத்து மூடிய திரை

உலை வரிசை, எண் 4
மார்ச் 9, 1983

மதிப்பிற்குரிய எலினெட் அத்தைக்கு, மெலரி வணக்கத்துடன் எழுதுவது.

நேற்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "எங்கள் அத்தை உயிரோடு இருக்கிறார்." மற்றபடி இங்கே நான் நலம். கனடாவில் பனியும் உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டை வாங்க பிரிஸ்டலிலிருந்து ஹாப்டே என்பவர் வருகிறார், காட்டிவிடு என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருடமாக என்னை இங்கே குடியிருக்க விட்ட உங்களிடம், "விற்காதீர்கள், எனக்கு இந்த வீடு வேண்டும்" என்று எழுதக் கை வரவில்லை, தரையைத் துடைத்தேன். முன்னறை முழுக்கப் புத்தகங்கள். அவற்றைப் படிக்கட்டுக்கு அடியில் நான் திணிக்கும் கூத்தைத் தெரு பார்க்க வேண்டாமே என்று காலையிலேயே சன்னல் திரையை இழுத்து மூடினேன். பட்டப்பகலில் முன்சன்னல் திரை மூடியிருந்தால் அந்த வீட்டில் சாவு என்று எங்கள் உலை வரிசைத் தெருவில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அது ஞாபகம் வருவதற்குள் பக்கத்து வீட்டு ரோஸ்வென் அக்கா துக்கத்துக்கு மரியாதையாகத் தன் திரையையும் மூடிவிட்டார், அவரைப் பார்த்து அடுத்த வீடு, இப்படியே கடைசி வீடு வரைக்கும். செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை; துக்க வீட்டார் தாமாகச் சொல்லும்வரை கேட்பது மரியாதை இல்லையே. நான் நடமாடுகிறேன், எனக்கிருக்கும் ஒரே உறவு நீங்கள், ஆகவே போனது நீங்கள்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ரோஸ்வென் அக்கா வேகவைத்த பன்றித்தொடையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுடு கண்ணு, உள்ளயே வச்சுக்காத" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கோடி க்விலிம் மாமா தொப்பியைக் கழற்றினார். தேவாலயப் பாட்டில் நீங்கள் சுருதி தப்பாத ஞாயிறே கிடையாது, ஆனால் நீங்கள் கனடா போனதிலிருந்து சுருதி சேர்ந்த பாட்டு எதுவுமே தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் நான் எப்படிச் சொல்வேன்? உங்களை இவ்வளவு நல்லபடியாக யாரும் பேசி நான் கேட்டதில்லை அத்தை. நிறுத்த மனசு வரவில்லை.

இந்த நேரம் பார்த்து ஹாப்டே வந்து சேர்ந்தார். வந்ததும் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் இங்கே குடியிருந்து இரும்பு உருக்கினவர்கள் எல்லாரும் குள்ளமா என்று கேட்டார்.

"குள்ளம் இல்ல தம்பி, குனிஞ்சு பழகினவங்க. நீங்களும் பழகிடுவீங்க" என்று ரோஸ்வென் அக்கா அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார்.

சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன், நடுச்சுவரை இடிக்கலாமா என்று அவர் கேட்டதும் க்விலிம் மாமா சாவகாசமாக விளக்கினார்: இருநூறு வருடமாக இந்த வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, நடுவில் ஒன்றைத் தட்டினால் கடைசி வீட்டுக்காரன் கட்டிலோடு பழைய உலைக்குள் போய் விழுவான். அதன்பின் ஹாப்டே தணிந்த குரலில், வீட்டுக்கார அம்மா எப்போது காலமானார் என்று என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். தட்டோடு காருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு உங்கள் நினைவாகப் பிரார்த்தனை வைத்திருக்கிறார்கள்; அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். நீங்கள் செய்ததற்கெல்லாம் மேல் இன்னொன்றும் கேட்கிறேன்: என்னை இங்கேயே இருக்க விடுங்கள்.

உங்கள் நீண்ட ஆயுளுக்காக இந்தத் தெருவில் தன்னந்தனியாக வேண்டிக்கொள்ளும்,
மெலரி

பி.கு. (மே மாதம் எழுதியது): இதை நான் உறையில் போடுவதற்குள் க்விலிம் மாமா துக்கம் விசாரிக்க உங்கள் கனடா வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்தது நீங்கள். "எலினெட் போய்ட்டாங்களாமே" என்றவரிடம், "அப்படியா? யார் யார் அழுதாங்க?" என்று கேட்டீர்களாம். ஆகவே கடிதம் அஞ்சலுக்குப் போகவில்லை. இப்போது உங்கள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினீர்கள். வீட்டை விற்கவில்லை. மாடியறையில் நீங்கள் படுக்கிறீர்கள், கீழே புத்தகங்களோடு நான்.